பழவேற்காட்டுத் துறைமுகத்தை மணலா மூடியது?

தடாவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழவேற்காடு ஒரு காலத்தில் சென்னையைவிடப் பெரிய துறைமுகம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஆண்டார்களாம். இன்று போய்ப் பார்த்தால் ஏரியும் படகும் மீன் ஏலமும்தான் இருக்கின்றன. அந்தத் துறைமுகம் எங்கே போயிற்று? மணல் மூடிவிட்டதுதான் காரணமா? பார்க்கும்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

மணல்தான் காரணம் என்பது சூலூர்ப்பேட்டையிலிருந்து பொன்னேரி வரை யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில். முகத்துவாரத்தில் மணல் அடைப்பதை இங்கே உள்ளவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள், அதனால் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. மணல் ஒரு துறைமுகத்தைக் கொல்லும் என்றால் சென்னை பிறந்திருக்கவே கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துறைமுகம் என்றதும் நமக்கு எண்ணூரும் கிருஷ்ணப்பட்டினமும் நினைவுக்கு வருகின்றன: அலைதடுப்புச் சுவர், பளு தூக்கிகள், கரையை ஒட்டி நிற்கும் கப்பல். பழவேற்காட்டில் அப்படி எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வரவும் இல்லை. ஏரி சுமார் 60 கி.மீ. நீளம் இருந்தாலும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைச் சிறு படகுகள் முகத்துவாரம் வழியாகவோ நேரே அலையைத் தாண்டியோ ஏற்றி இறக்கின. சோழமண்டலக் கரை முழுவதும், நாகப்பட்டினம் ஆனாலும் மசூலிப்பட்டினம் ஆனாலும், ஏறத்தாழ இதே கதைதான். ஆகவே மூடிப்போவதற்கு உள்ளே ஒரு துறைமுகம் இருந்ததில்லை.

அப்படியானால் அன்னியர்கள் ஏன் இந்த ஊரைத் தேடி வந்தார்கள்? துணிக்காக.

போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்துவிட்டார்கள். அப்போதே இது விஜயநகரப் பேரரசின் முக்கியமான கடல்வாசல்களில் ஒன்று. பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்தன. இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் சுமத்ராவுக்கும் போயின. இந்த வணிகத்தை நடத்தியவர்கள் மரக்காயர்கள், தெலுங்கு பேசும் பலிஜா செட்டிகள் முதலானோர். ஐரோப்பியர் வந்து துறைமுகத்தை உண்டாக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கப்பட்டது. பங்குகளை விற்று முதல் திரட்டி, படை வைத்துக்கொள்ளவும் கோட்டை கட்டவும் ஒப்பந்தம் போடவும் அரசிடம் உரிமை பெற்ற நிறுவனம் அது. அதன் கண் ஜாதிக்காய், கிராம்பு விளையும், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்கஸ் தீவுகள் மேல் இருந்தது. அங்கே போனபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தீவுக்காரர்களுக்கு ஐரோப்பியச் சரக்கில் பெரிய நாட்டம் இல்லை. அவர்கள் கேட்டது நம் கரைத் துணி. சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பு, அவுரி நீலம், கட்டம் போட்டவை, கையால் எழுதியவை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உடுத்தியும் சீராகக் கொடுத்தும் வந்தவை இவை. வெள்ளியைக் கொடுத்துக் கிராம்பு வாங்குவதைவிட, வெள்ளியால் துணி வாங்கி, துணியால் கிராம்பு வாங்கினால் லாபம் பன்மடங்கு. சோழமண்டலக் கரை மொலுக்கஸின் இடது கை போன்றது என்று கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் 1612-ல் எழுதியது இதை வைத்துத்தான்.

1610-ல் டச்சுக்காரர்கள் விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரின் அனுமதியோடு இங்கே பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்த போர்ச்சுக்கீசியர் 1612-ல் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. இங்கே தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான ஹெல்டர்லாந்தின் பெயர் கோட்டைக்கு வைக்கப்பட்டது. ஹெல்ட்ரியா என்பார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். உள்ளே காசு அச்சிட்டார்கள். வெடிமருந்து ஆலை வைத்தார்கள். பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கையிலும் டச்சுப் பீரங்கிகள் வெடிக்க இங்கிருந்து மருந்து போயிற்று.

கோட்டைக்குள் டச்சுக்காரர், வெளியே எல்லாம் நம்மவர் என்று நினைத்துவிட வேண்டாம். அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணச் செட்டியும் கம்பெனியின் பெரிய தரகர்கள். அதே நேரத்தில் சொந்தக் கப்பல் ஓட்டினார்கள், நிலவரிக் குத்தகை எடுத்தார்கள், அரசியல் சண்டைகளில் பக்கம் பிடித்தார்கள். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, தறியிலிருந்து துணி இறங்கியதும் வாங்கி, வண்டியேற்றிக் கரைக்குக் கொண்டுவருவது இவர்கள் கையில் இருந்தது. இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த ஆண்டு கப்பல் பாதி காலியாகப் போகும். டச்சுக் கடிதங்களில் இவர்கள்மேல் வரும் புலம்பலைப் படித்தால் யார் முதலாளி, யார் வேலைக்காரர் என்று சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு சரக்கும் போயிற்று. உள்ளூர்ப் பெருமை பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மனிதர்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஒரு மரக்கால் நெல்லுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை இந்தக் கரைத் துறைமுகங்களிலிருந்து கம்பெனி ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியது. 1659-61-ல் தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வந்தபோது மட்டும் பல ஆயிரம் பேர். வங்கத்திலும் அதை அடுத்த அரக்கானிலும் பிடிபட்டவர்களும் பழவேற்காட்டில் விற்கப்பட்டார்கள். அவர்கள் பத்தாவியாவில் கல் சுமந்தார்கள், இலங்கையில் வயல் வெட்டினார்கள், தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் சமையலறையிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்தார்கள். கேப் பதிவேடுகளில் ஒரு பெயருக்குப் பின்னால் 'சோழமண்டலத்தைச் சேர்ந்த' என்று போட்டிருக்கும். அவ்வளவுதான் அடையாளம். அப்பன் பெயர் கிடையாது, ஊர்ப்பெயர் கிடையாது. அழகான செதுக்குவேலை உள்ள டச்சுக் கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலைமை ஏன் போயிற்று?

1646 வாக்கில் கோல்கொண்டா சுல்தானின் படை இந்தப் பகுதியைப் பிடித்தது. டச்சுக்காரர் புதிய அரசோடும் சமாளித்துக்கொண்டார்கள். 1687-ல் கோல்கொண்டாவே முகலாயரிடம் விழுந்தது. பின்னர் செஞ்சியை வைத்து முகலாயருக்கும் மராத்தியருக்கும் பத்தாண்டு இழுபறி. படைகள் நடமாடும் ஊர்களில் தறி ஓடாது. நெசவாளர்கள் இடம்பெயர்ந்தார்கள், சாலையில் துணிமூட்டைக்குப் பாதுகாப்பு இல்லை. 1658-லேயே போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்து வைத்திருந்த நாகப்பட்டினம் அமைதியாக இருந்தது. காவிரிப்படுகைத் துணியும் கிடைத்தது, இலங்கையும் பக்கம். 1690-ல் தலைமையை அங்கே மாற்றிக்கொண்டார்கள். இதில் மணலுக்கு எந்தப் பங்கும் இல்லை.

இதற்கிடையில் ஆங்கிலேயர் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1621-ல் டச்சுக்காரரோடு ஒப்பந்தப்படி அவர்களும் பழவேற்காட்டில்தான் வந்து உட்கார்ந்தார்கள். டச்சுக்காரர் கோட்டைச் செலவில் பங்கு கேட்டார்கள், சரக்கில் முட்டுக்கட்டை போட்டார்கள். ஆங்கிலேயர் இரண்டே ஆண்டில் வெறுத்துப்போய்க் கிளம்பினார்கள். 1626-ல் ஏரியின் வடக்கு முனைக்கு அப்பால் உள்ள துர்கராஜப்பட்டினத்தில் இறங்கினார்கள். ஆர்மகான் என்று அவர்கள் அழைத்தது இதைத்தான். அந்த இடத்துக்கு எதிரே கடலுக்குள் நீளமான மணல்திட்டு இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே கப்பல் நிறுத்தினால் அலை அடங்கி இருக்கும். சோழமண்டலக் கரையில் இயற்கையாக இப்படி ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. கவனியுங்கள், இங்கே மணல் துறைமுகத்துக்கு உதவியாக இருந்தது. ஆனால் அந்த இடமும் நிலைக்கவில்லை. காரணம், நல்ல துணி போதுமான அளவு கிடைக்கவில்லை.

அங்கிருந்துதான் பிரான்சிஸ் டே தெற்கே போய் மதராசப்பட்டினத்தைக் கண்டார். அலை ஆள் உயரத்துக்கு எழும் வெட்டவெளிக் கரை. கப்பல் ஒதுங்க மடு இல்லை, தீவு இல்லை, ஆறு என்று சொல்லிக்கொள்ளக் கூவம்தான். கப்பல் மாலுமி எவனும் தேர்ந்தெடுக்காத இடம். டே தன் மேலிடத்துக்குச் சொன்ன காரணம்: துணி வேறெங்கும் கிடைப்பதைவிட 20 சதவீதம் மலிவு. தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் 1639-ல் இடமும் வரிச்சலுகையும் எழுதிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு கோட்டை எழத் தொடங்கியது. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்கும் துறைமுகம் அந்த ஊருக்கு வர இரண்டரை நூற்றாண்டு பிடித்தது. 1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1870-களில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது.

இந்த இடைக்காலம் முழுவதும் அந்தப் பெரிய நகரத்தின் ஏற்றுமதி இறக்குமதியைத் தாங்கியது மசூலா என்று வெள்ளைக்காரர் அழைத்த சலங்குப் படகு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் கரையின் தொழில்நுட்பம் என்று மார்தட்டிக்கொள்ளத் தகுந்தது இது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைப்பார்கள். ஆணி கிடையாது. பொருத்துகளின் இடுக்கில் நாரும் வைக்கோலும் வைத்துத் தையலை இறுக்குவார்கள். உள்ளே விலாச்சட்டம் இல்லை, அடிப்பாகம் தட்டை. ஐரோப்பியக் கட்டுமானப் படகு அலையோடு வந்து தரையில் மோதினால் சட்டம் முறிந்து பிளந்துவிடும். இது வளைந்து கொடுக்கும். தையல் கொஞ்சம் கசியும், அதற்காகவே தண்ணீர் இறைக்க ஓர் ஆள் இருப்பார். பின்னால் நிற்கும் தண்டல், அதாவது படகோட்டிகளின் தலைவர், அலைகளை எண்ணிக் காத்திருந்து, பெரிய அலை வரிசை கழிந்த இடைவெளியில் குரல் கொடுப்பார். அடுத்த நொடி எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும். தவறினால் படகு குறுக்கே திரும்பும், கவிழும். துரைமார்களும் துணிமூட்டைகளும் தங்கப் பெட்டிகளும் இப்படித்தான் கரையேறின. கவிழ்ந்தால் ஆட்களைப் பிடித்துத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருப்பார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் ஆளுநர்களின் படம் இருக்கிறது. இந்தத் தண்டல்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அக்டோபர் பாதிக்குமேல் திறந்த கடலில் கப்பலை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே அந்த அக்டோபரில் இங்கேயே தங்கிவிட்டார். ஒரே இரவுப் புயலில் அவருடைய கப்பற்படை சின்னாபின்னமாயிற்று. விவரம் தெரிந்தவர்கள் திருகோணமலைக்கோ வேறு மறைவான குடாவுக்கோ போய்விடுவார்கள்.

ஆக, சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் கடலில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கரையிலும் அரசியலிலும் இருந்தது. 1781-ல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஒருசேரப் பிடித்தார்கள். சமாதானம் வந்தபோது நாகப்பட்டினத்தை வைத்துக்கொண்டு பழவேற்காட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீண்டும் இது டச்சுத் தலைமையிடம் ஆயிற்று. ஆனால் கம்பெனியின் கஜானா அப்போது காலி. நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியே கலைக்கப்பட்டது. 1795-ல் மறுபடி ஆங்கிலேயர், 1818-ல் மறுபடி டச்சுக்காரர். நடுவில் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில்தான் கோட்டை இடித்துத் தள்ளப்பட்டது. கடைசியாக 1824-ல் லண்டனில் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்த டச்சு இடங்களும் மலாக்காவும் ஆங்கிலேயருக்கு, சுமத்ராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரருக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். மறு ஆண்டு கொடி இறங்கியது. சென்னை கையில் இருக்கும்போது ஐம்பது, அறுபது கி.மீ. தள்ளி இன்னொரு துறைமுகத்தை நடத்த ஆங்கிலேயருக்கு என்ன தலையெழுத்து? போதாக்குறைக்கு லங்காஷயர் ஆலைத்துணி வந்து கைத்தறி ஏற்றுமதியின் கழுத்தை நெரித்தது. எந்தச் சரக்குக்காக இந்த ஊருக்குக் கப்பல் வந்ததோ அந்தச் சரக்கே போயிற்று.

கட்டம் போட்ட துணி மட்டும் தப்பித்தது. இந்த ஊர்ப் பெயரைச் சுமந்த கைலிதான் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றும் தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் 'பெலிகாட்' சாரம்.

பிறகு ஒரு நூற்றாண்டுக்கு இந்த ஏரி பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியாகப் பிழைத்தது. ஸ்ரீஹரிகோட்டாச் சவுக்கு விறகும் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் தோணிகளில் சென்னைக்குப் போயின. அந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட் போகிறது. ஏவும் நாளில் நம் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், அது வேறு கதை.

மணலை நான் முழுக்க விடுதலை செய்துவிடவில்லை. அதன் குற்றம் இந்தக் காலத்துக்குரியது. நம் கரையோரம் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் கட்டி மறித்தால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகச் சுவரால் மெரினா அகலமானதும் ராயபுரத்துக்கு வடக்கே வீடுகள் கடலுக்குள் போனதும் இதனால்தான். எண்ணூர் துறைமுகம் 2001-ல் வந்தது, பிறகு காட்டுப்பள்ளி. இரண்டுக்கும் அடுத்து வடக்கே இருப்பது பழவேற்காடு. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை இங்குள்ள மீனவக் கிராமங்கள் எதிர்ப்பதற்கு இந்த அரிப்புப் பயமும் ஒரு காரணம். ஆந்திரப் பக்கத்தில் துர்கராஜப்பட்டினத்தில் பெரிய துறைமுகம் அமைக்கப்படும் என்று 2014-ன் மாநில மறுசீரமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எழுத்தோடு நிற்கிறது.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கோட்டையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அகழியின் தடமும் முட்புதர் மூடிய மேடும் இருக்கின்றன. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், ஒன்றில் மணற்கடிகை உண்டு. கற்பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு வாசகங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். காலை வெயில் சாய்ந்து விழும்போது எழுத்துகள் தெளிவாகத் தெரியும், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. மரக்காயர் தெருவில் பழைய வீடுகள் சில மிஞ்சியிருக்கின்றன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கும் சூரியக் கடிகாரம் இருக்கிறது, அனுமதி கேட்டால் காட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் கல்லறையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஏரியில் நடக்கும் பாடு முறை. இறால் நன்றாக விழும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சில மட்டுமே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மூன்று கிராமங்களின் தலைக்கட்டுகள் குலுக்கல் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் இன்று கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். இந்த முறைக்கு வெளியே நிற்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு இதன்மேல் பல காலமாகக் குறை உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. இதே பெயரில் இதே போன்ற ஏற்பாடு இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் உண்டு. கடல்சார் மரபு என்றதும் ஆம்ஸ்டர்டாமில் பழைய கப்பலின் நகலைக் கட்டி நிறுத்தியிருப்பதையும், ஸ்டாக்ஹோமில் 1628-ல் மூழ்கிய வாசா கப்பலை 1961-ல் தூக்கி அருங்காட்சியகம் ஆக்கியதையும் பேசுகிறோம். அவை சிறப்பானவைதான். ஆனால் இங்கே ஒரு மரபு வலையோடு தினமும் தண்ணீரில் இறங்குகிறது.

படிக்க விருப்பம் இருந்தால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். டச்சுக் கம்பெனியின் சோழமண்டல ஆவணங்களில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் சிதறிக்கிடக்கும் இந்தக் கம்பெனி ஆவணங்களை 2003-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து, பழைய டச்சு மொழி. எடுத்தவுடன் ஒரு வரிகூட ஓடாது. ஹேக் காப்பகம் தன்னிடமுள்ள கம்பெனி ஏடுகளில் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, கையெழுத்தைப் பழகிக்கொள்ள அங்கிருந்து தொடங்கலாம். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியிலிருந்து பஸ் உண்டு. தடாவிலிருந்து வரும் உங்களுக்குக் கும்மிடிப்பூண்டி வழியாகப் பொன்னேரிக்கு ரயிலில் வந்து பஸ் ஏறுவது சுலபம்.